கட்டலாம் தம்பி, நம்பர் பிளேட்தான் கிடைக்காது

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். வளைகுடா நாடுகளில் பைப் வெல்டராக இருந்துவிட்டு, போதும் என்று ஊரோடு வந்துவிட்டேன். வயது 46. சின்ன வயதிலிருந்து கார் பைத்தியம். கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை அச்சு அசலாக, பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு வெளிநாட்டில் விற்கிறார்கள். வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்பா காலத்து அரிசி மில் ஷெட் சும்மா கிடக்கிறது. 12 லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு பழைய அம்பாசடரை ஆர்.சி. புக்கோடு வாங்கி, அந்த நம்பரையே இதற்குப் போட்டு ஓட்டலாம் என்று மச்சான் சொல்கிறார். வீட்டில் தினமும் திட்டு. பையன் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு, அவனுக்கும் ஆசை. செய்யலாமா? எங்கே தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, செய்யலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற காரை வேண்டாம், மச்சான் சொல்கிற வழி வேண்டவே வேண்டாம். மச்சான் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பாளையங்கோட்டையில் இன்சூரன்ஸ் சர்வேயராக உட்கார்ந்திருக்கிற எனக்கு அது அன்றாடச் சோலி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அடித்துச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது சக்கரத்தையும் சைலன்சரையும் மாற்றுகிறவர்களுக்கு. நீங்கள் செய்யப்போவதோ அம்பாசடரின் சேசிஸ் நம்பர் உள்ள தகட்டை வெட்டியெடுத்து வேறொரு வண்டியில் வைத்து ஒட்டுவது. அதற்குப் பெயர் மாற்றம் இல்லை, மோசடி.

பிடிபடாது என்று மச்சான் சொல்லியிருப்பார். நாங்கள் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்போம். அப்படித் தேய்க்கும்போதே சுற்றியுள்ள வெல்டு வரி கைக்குத் தட்டுப்பட்டுவிடும். கிரைண்டர் போட்டு, பெயின்ட் அடித்திருந்தாலும் தட்டுப்படும். இதெல்லாம் எப்போது நடக்கும்? ஒரு விபத்து நடந்த பிறகு. யாரோ ஒரு பைக்காரருக்குக் கால் போயிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், அல்லது கோர்ட் சொன்னதால் அவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும். வயல், வீடு, இந்த அரிசி மில் ஷெட் எல்லாம் அந்தக் கணக்கில் போகும். சரி, மச்சான் கதை முடிந்தது.

நேர்வழியில் புது வண்டியாகவே பதிவு செய்தால் என்ன என்று கேட்பீர்கள். புது வண்டியைப் பதிவு செய்ய 20-ஆம் படிவம் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். கூடவே விற்பனைச் சான்றாக 21-ஆம் படிவமும், சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் 22-ஆம் படிவமும் வேண்டும். அந்தத் தயாரிப்பாளர் தன் வண்டியின் மாதிரியை மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சோதனைக்குக் கொடுத்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும். புனேயில் ஒன்று இருக்கிறது, மானேசரில் ஒன்று, நமக்குப் பக்கத்தில் என்றால் சென்னை ஒரகடத்தில் ஒன்று. பிரேக், புகை, விளக்கு, மோதல் என்று அங்கே நடக்கும் சோதனைகள் ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிக்குக் கட்டுபடியாகும். 2020 ஏப்ரலிலிருந்து புகைக்கு பி.எஸ். 6 என்ற கடுமையான வரம்பு வேறு. வீட்டில் ஒரே ஒரு வண்டி கட்டுகிறவருக்கென்று தனி வாசல் நம் விதிகளில் கிடையாது.

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்துக் கொல்லர் ஒருவர், பழைய சாமான்களை வைத்து, காலால் உதைத்துக் கிளப்பும் குட்டி ஜீப் ஒன்றைத் தன் மகனுக்காகச் செய்தார். நினைவிருக்கலாம், 2021 கடைசியில் அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. ஆனந்த் மகிந்திராவே பாராட்டினார். விதிக்கு ஒத்துவராது, ஓட்டவிட மாட்டார்கள் என்பதால் அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பொலேரோ கொடுத்தார். நாடே கைதட்டிய வண்டிக்கே கிடைக்காத நம்பர் பிளேட் நமக்குத் திருநெல்வேலி ஆர்.டி.ஓ. ஆபீசில் கிடைக்கப்போவதில்லை.

அப்படியானால் இங்கிலாந்தில் மட்டும் எப்படி இவ்வளவு பேர் வீட்டில் கார் கட்டுகிறார்கள்? அந்த ஊரில் முழுக் காருக்கு விற்பனை வரி இருந்தது, பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. வரிக்குப் பயந்து வளர்ந்த தொழில் அது. 1973-இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் ஒற்றை வண்டியைத் தனியாகப் பரிசோதித்துப் பதிவு செய்ய அங்கே அரசே ஒரு சோதனை முறை வைத்திருக்கிறது. வண்டியை ஓட்டிக்கொண்டுபோய், மணிக்கணக்கில் அவர்கள் நோண்டிப் பார்த்த பிறகு, தேறினால் நம்பர் தருவார்கள். நமக்கும் அப்படி ஒன்று வந்தால் நல்லது என்பது என் சொந்தக் கருத்து. கோயம்புத்தூரிலும் நம்மூரிலும் கை வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வரும்வரைக்கும் சட்டம் இதுதான்.

ஆகவே முதல் முடிவு, இந்த வண்டி எந்தத் தரையில் ஓடும் என்பது. உங்கள் சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டலாம், வேலி போட்டு, வெளியாள் வராதபடி. கால்வாய்க்கரை ரோடும் பஞ்சாயத்து ரோடும், ஏன், கோயில் மைதானமும்கூட சட்டத்துக்குப் பொது இடம்தான். மக்களுக்குப் போகவர உரிமையுள்ள இடமெல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். அடுத்தது பந்தயப் பாதை. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2 கி.மீ.யை ஒட்டிய நீளம், உங்கள் வண்டிக்கு அளவான தடம். திருநெல்வேலியிலிருந்து 350 கி.மீ. போல வரும். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தடத்தை எப்போது, எப்படி வாடகைக்கு விடுகிறார்கள், வண்டியில் என்னென்ன பாதுகாப்பு கேட்பார்கள் என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் பாதியைப் பிரிக்க வேண்டிவரும்.

அந்தத் தடத்தின் பெயரில் இருக்கிற கரிவர்தனைப் பற்றிப் பையனுக்குச் சொல்லுங்கள். எண்பதுகளின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோயம்புத்தூரிலேயே கட்டி ஓடவிட்டவர். ஃபார்முலா மாருதி என்று பெயர். இன்று இந்தியப் பந்தயத்தில் பேர் சொல்கிற பலர் அதில் பழகியவர்கள்தான். 796 சி.சி. இன்ஜின் என்றால் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். காரணம் பின்னால் வருகிறது.

இப்போது கோப்ரா. இங்கிலாந்தின் ஏ.சி. கம்பெனி செய்த சின்ன திறந்த காரில், டெக்சாஸ்காரர் கேரல் ஷெல்பி 1962-இல் ஃபோர்டு வி8 இன்ஜினைத் திணித்தார். அதுதான் கோப்ரா. கடைசியில் 7 லிட்டர் இன்ஜின்வரை போனது. பார்க்க ராஜா. கட்டுவதற்கு? அமெரிக்காவில் 1995 முதல் தொழில் செய்யும் ஃபேக்டரி ஃபைவ் போன்றவர்கள் விற்கும் கிட், அதாவது நீங்கள் சொன்ன அந்தப் பாகப் பெட்டி, ஒரு ஃபோர்டு மஸ்டாங்கைக் கழற்றி அதன் சாமான்களைப் போடுவதை மனதில் வைத்து உருவானது. அங்கே அடிபட்ட மஸ்டாங் காயலான் கடையில் கிடக்கும். இங்கே வண்ணார்பேட்டையிலோ பேட்டையிலோ எந்தக் காயலான் கடையில் மஸ்டாங் தேடுவீர்கள்?

இறக்குமதியில் இன்னொரு பொறி உண்டு. பெட்டி பெட்டியாகப் பிரித்து வந்தால் உதிரிபாகம் என்றுதானே சுங்கத்தில் கணக்கு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். சுங்கக் கட்டண அட்டவணையின் பொருள்கோள் விதியில், 2-ஆவது விதியின் முதல் உட்பிரிவே இதற்காகத்தான்: பிரித்த நிலையில் வந்தாலும், முழுமையாக இல்லாவிட்டாலும், முழுப் பொருளின் அடிப்படைத் தன்மை இருந்தால் முழுப் பொருளாகவே கருது. அதாவது சேசிஸ், பாடி, சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே சரக்காகத் தூத்துக்குடியில் இறங்கினால் அதை ஒரு கார் என்று சொல்ல அதிகாரிக்கு இடமிருக்கிறது. காருக்கு உண்டான வரி, காருக்கு உண்டான இறக்குமதி நிபந்தனைகள். வாதாடிக்கொண்டிருக்கும் நாளெல்லாம் கன்டெய்னருக்கு வாடகை ஓடும். உங்கள் 12 லட்சம் துறைமுகத்தைத் தாண்டாது.

எனவே வேறு காரைச் சொல்கிறேன். 1957-இல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் கொண்டுவந்த செவன். 1973 முதல் கேட்டர்ஹாம் என்ற கம்பெனி அதைத் தொடர்ந்து செய்துவருகிறது. உலகத்தில் வீட்டு ஷெட்டில் அதிகம் பேர் பிரதி எடுத்த வடிவங்களில் இதுவும் ஒன்று. காரணம் எளிது. பாடியில் வளைவே அநேகமாகக் கிடையாது. சதுரக் குழாயில் ஒரு கூண்டு, அதன்மேல் தட்டையான அலுமினியத் தகடு, மூக்கும் மட்கார்டும் மட்டும் ஃபைபர். கதவு இல்லை, கண்ணாடி ஏற்றி இறக்குகிற வேலை இல்லை, எடை 500 கிலோ சுற்றி. கோப்ராவோ முன்னும் பின்னும் வளைவு. ஃபைபரில் அந்த வளைவு அலை விழாமல் வர வேண்டும் என்றால் அச்சு செய்கிறவர் பெரிய கைகாரராக இருக்க வேண்டும். நீங்கள் வெல்டர். உங்கள் கைக்கு வந்த கார் செவன்தான்.

இன்ஜினுக்கு மாருதி ஆம்னி. சிரிக்காதீர்கள். நம்மூரில் மலிவாகக் கிடைக்கிற, பின்சக்கரம் இழுக்கிற, எடை குறைந்த வண்டி அது. இன்ஜின், கியர் பாக்ஸ், சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒன்றுக்கொன்று பொருந்தியபடி வரும். 37 குதிரைசக்தி போதுமா? 1957-இன் முதல் செவனில் இருந்தது ஃபோர்டின் 1172 சி.சி. இன்ஜின், அதன் சக்தி 40. நீங்கள் மூலக் காருக்கு மூன்று குதிரைதான் குறைவு! வண்டி ஓடிப் பழகிய பிறகு ஜிப்சியின் 1.3 லிட்டர் இன்ஜினுக்கு மாறிக்கொள்ளலாம். ஒன்று, ஷாஃப்டின் நீளத்தை வெட்டிக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். அதை உங்கள் ஷெட்டில் செய்யாமல், வெட்டி ஒட்டி பேலன்ஸ் பார்க்கும் பட்டறையில் கொடுங்கள். பேலன்ஸ் தப்பிய ஷாஃப்ட் ஓட்டுகிறவரின் இடுப்புக்குப் பக்கத்தில் சுற்றுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பழைய வண்டியை வாங்கும்போது முறையாக ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். நம்பர் உயிரோடு இருந்தால் மச்சானுக்கு மறுபடி யோசனை வரும்.

முன்சக்கரத்தில்தான் சிக்கல். ஆம்னியின் முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக நிற்கும் உயரமான ஸ்ட்ரட், செவனின் தாழ்ந்த மூக்குக்குள் அடங்காது. மேலும் கீழும் விஷ்போன் என்ற கவட்டை வடிவக் கை வைத்து, நடுவில் சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட் வேண்டும். இங்கே நமக்கு ஒரு அதிர்ஷ்டம். பழைய செவனில் லோட்டஸ் போட்டது டிரையம்ஃப் ஹெரால்டு என்ற இங்கிலாந்துக் காரின் முன் அப்ரைட். அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-இலிருந்து பத்தாண்டு செய்தது. வயதானவர்களைக் கேளுங்கள், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்த டாக்டர், வக்கீல் ஒருவரையாவது ஒவ்வொரு ஊரிலும் சொல்வார்கள். பாடி இற்றுப்போய், எழுப்பவே முடியாமல் கிடக்கும் ஒன்றிலிருந்து மட்டும் எடுங்கள். எழுப்பக்கூடிய ஹெரால்டை உடைத்தால் நான் உங்களோடு பேச மாட்டேன்.

அந்த அப்ரைட்டின் அடியில் திருகு மரை போட்ட வெண்கலத் துண்டு ஒன்று இருக்கும், டிரனியன் என்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் அப்ரைட் சுழல்கிறது. அதற்குக் கம்பெனி சொன்னது கியர் பாக்ஸ் ஆயில் மாதிரிக் கெட்டியான 90 நம்பர் எண்ணெய். நம் மெக்கானிக்குகள் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை மாட்டி அழுத்திவிடுவார்கள். கிரீஸ் உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், மரைக்குள் எண்ணெய்ப் பசை போகாது, தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும், ஒருநாள் வளைவில் திரும்பும்போது அப்ரைட் அடியோடு முறிந்து சக்கரம் படுத்துவிடும். கழற்றிய அப்ரைட்டைக் கழுவி, மரைப் பக்கம் விரிசல் இருக்கிறதா என்று டை பெனிட்ரன்ட் போட்டுப் பாருங்கள். வளைகுடாவில் வெல்டைச் சோதிக்க அடித்திருப்பீர்களே, அதே சிவப்பும் வெள்ளையும்தான். சந்தேகம் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, கோயம்புத்தூரில் பந்தயக் கார் வேலை செய்யும் பட்டறைகளில் புதிதாகவே செய்து வாங்குங்கள். செலவு கூடும், தூக்கம் வரும்.

இனி கூண்டு. 25 மி.மீ. சதுரக் குழாய், 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. கனம். இங்கே கடைக்காரர்கள் கேட், கிரில் செய்கிறவர்களுக்கு விற்றுப் பழகியவர்கள். 16 கேஜ் கேட்டால் 18-ஐ எடுத்துப் போடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. தராசில் வையுங்கள். 6 மீட்டர் நீளம் 7 கிலோ நிற்க வேண்டும். ஐந்தரைக் கிலோவுக்குக் கீழே என்றால் அது 1.2 மி.மீ. குழாய், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிவந்த அன்றே எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். பொதிகை மலைச் சாரல் உங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கும் மாதங்களில் வெறும் இரும்பு ஒரே ராத்திரியில் பழுத்துவிடும்.

குழாயை வெட்டுமுன் மேசை. மேலே தடித்த பிளைவுட்டோ தகடோ போட்டு, ரச மட்டம் வைத்து, கால்களைத் தரையில் அசையாமல் பொருத்துங்கள். அரிசி மில் தரை தண்ணீர் ஓட வாட்டம் வைத்துப் போட்டதாக இருக்கும், ஆகவே தரையை நம்பக் கூடாது. படத்தை அந்த மேசை மேலேயே முழு அளவில் வரைந்து, மரக்கட்டைகளை அடித்து, குழாயை அவற்றுக்கு நடுவே படுக்கவைத்துத்தான் டாக், அதாவது தற்காலிகப் புள்ளி வெல்டு, போட வேண்டும்.

வெல்டிங்கில் உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஒன்று இருக்கிறது. நீங்கள் கனமான குழாயில் முழு ஊடுருவல், ரூட், ஃபில், கேப் என்று பழகியவர். அந்தக் கை இங்கே எதிரி. 1.6 மி.மீ.யில் வெப்பம் கூடினால் ஓட்டை விழாவிட்டாலும் குழாய் இழுத்துக்கொள்ளும். கூண்டு முழுவதையும் டாக்கில் நிறுத்தி, அளவெடுத்து, இன்ஜினையும் ஆக்சிலையும் பெடலையும் பையனையும் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் முழு வெல்டு. ஒரு மூலையில் ஒரு அங்குலம் ஒட்டினால் அடுத்து எதிர் மூலைக்குப் போக வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் முடிக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். ஒட்டிய பிறகு அழகுக்காகக் கிரைண்டர் பிடிக்காதீர்கள். அந்த மேட்டில்தான் பலம் இருக்கிறது. சஸ்பென்ஷன் மாட்டும் பிராக்கெட்டுகளை டிக் வெல்டில் போடுங்கள், மற்றவற்றுக்கு மிக் போதும். முக்கோணம் இல்லாத கட்டம் எங்கே இருந்தாலும் வண்டி அங்கே முறுக்கும். பின்பக்கத்தை மேசையோடு இறுக்கிக் கட்டி, முன்பக்கத்தில் குறுக்கே ஒரு நீளக் குழாயைப் போட்டு ஒரு முனையில் எடையைத் தொங்கவிட்டால், எவ்வளவு முறுக்குகிறது என்பதை டயல் கேஜில் பார்த்துவிடலாம். இது பையனுடைய வேலை. கல்லூரியில் படிக்கிற கணக்கு இங்கே உயிர்பெறும்.

ஸ்டீயரிங்கும் பிரேக்கும் என்று வரும்போது ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்டீயரிங் ஷாஃப்டை நேரே ஒரே கம்பியாக விடாதீர்கள்; முன்னால் மோதினால் அது நெஞ்சுக்கு வரும். நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட் என்ற மடங்கும் இணைப்பைப் போட்டு, கோணம் மாற்றிக் கொண்டுபோங்கள். முன்சக்கரங்களைத் திருப்பும் குறுக்குப் பல்சட்டமான ஸ்டீயரிங் ரேக்கின் உயரம் விஷ்போன் கோணத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் தூக்கி, டோ, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கிற அளவு, மாறுகிறதா என்று பார்த்த பிறகே ரேக்கை ஒட்ட வேண்டும்.

ஆம்னியின் பிரேக்கை அப்படியே தூக்கிப் போட்டால் ஆபத்து. அது 800 கிலோவை ஒட்டிய வேன், ஆளும் சரக்கும் ஏற்றினால் பின்பக்கம் எடை கூடும் என்ற கணக்கில் செய்தது. 500 கிலோ காரில், பின்னால் எடையே இல்லாத நிலையில், அழுத்தினால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். பின் பிரேக்குக்குப் போகும் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று போட்டு, தோட்டத்தில் மெதுவான வேகத்தில், முன்சக்கரம் முதலில் பூட்டும்வரை திருகிச் சரிபாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று இருக்கிற மாஸ்டர் சிலிண்டர்தான் வேண்டும். போல்ட் எல்லாம் தலையில் 8.8 என்ற பலக் குறி பொறித்தது, நட்டு உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக். ஒருமுறை கழற்றிய நைலாக்கை மறுபடி போடாதீர்கள்.

சீட் பெல்ட்டைத் தரைத் தகட்டில் மாட்டக் கூடாது. கூண்டுக் குழாயில், தடித்த பிளேட் ஒட்டி அதில் மாட்ட வேண்டும். தலைக்குப் பின்னால் ரோல் பார் கட்டாயம். 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், தையல் இல்லாத குழாய் என்பது சர்வதேசப் பந்தய அளவு, அதில் சமரசம் செய்ய வேண்டாம். ஒயரிங், பெயின்ட் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அம்பாசமுத்திரத்திலேயே நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைப்பார்.

ஃபைபர் வேலைக்கு வெளியூர் போக வேண்டாம். நம் கடற்கரையில் உவரி, இடிந்தகரைப் பக்கம் ஃபைபர் வள்ளங்கள் ஓடாத ஊர் இல்லை, அவற்றுக்கு ஒட்டு வேலை பார்க்கிறவர்கள் உண்டு. ராதாபுரம், பணகுடி வட்டாரத்தில் காற்றாலை இறக்கை பழுது பார்க்கிற பையன்கள் இருக்கிறார்கள். மூக்குக்கும் நான்கு மட்கார்டுக்கும் அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். நீங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டால் ஒரே எச்சரிக்கை: ஃபைபரைப் பிடித்து இறுகும் பசையான ரெசினில் முதலில் இறுகலை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர், அதை நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் இறுகலைத் தொடங்கிவைக்கும் கேட்டலிஸ்ட். அந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒரே குவளையில் ஊற்றினால் வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகும், கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். சித்திரை வெயிலில் ரெசின் குவளையிலேயே இறுகிவிடும் என்பதற்காக கேட்டலிஸ்டை ஒரு சதவீதத்துக்குக் கீழே குறைத்தால் உள்ளே வேகாமல் நிற்கும். அதற்குப் பதில் விடிகாலையில், சின்னச் சின்ன அளவாகக் கலந்து செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஃபைபரைத் தொட வேண்டாம், மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பு ஈரம் குடித்துவிடும்.

வீட்டில் திட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். என் தங்கச்சி சொல்வதில் பாதி சரி. சாலையில் ஓடாத, விற்றால் காசு வராத, பேங்க்கில் அடமானம் வைக்க முடியாத ஒரு பொருளுக்கு 12 லட்சம் அதிகம்தான். செவனுக்கு அவ்வளவு தேவையில்லை. பாதியை இன்றே அவர் பெயரில் போட்டுவிட்டு, மீதிப் பாதிக்குள் முடிக்கிறேன் என்று சொல்லுங்கள். அந்தப் பாதியிலும் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். வண்டி முக்கால்வாசி முடிந்து நிற்கும்போது, யாரும் எதிர்பார்க்காத சில்லறைச் சாமான்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். கிட் கார் பிறந்த இங்கிலாந்திலேயே பாதியில் நின்ற வண்டிகள் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பையனையும் இதில் இழுத்துவிடுங்கள், ஆனால் செமஸ்டர் நேரத்தில் வேண்டாம். அவன் கல்லூரியில் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் குழு இருந்தால் அதில் சேரச் சொல்லுங்கள். அந்தப் போட்டியும் கரி ஸ்பீட்வேயில்தான் நடக்கிறது. அவர்களுடைய விதிப் புத்தகத்தைப் படித்தாலே உங்கள் வண்டிக்குப் பாதிப் பாதுகாப்பு வந்துவிடும்.

நம்பர் பிளேட்டோடு தென்காசி ரோட்டில் ஓட்டினால்தான் மனது ஆறும் என்றால், செவனை மறந்துவிட்டு எழுப்பக்கூடிய ஒரு ஹெரால்டைத் தேடுங்கள். தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட்டால் முடுக்கிய பாடி, மொத்தமாக முன்னால் கவிழ்கிற பானெட். கிட்டத்தட்ட கம்பெனியே விற்ற கிட் கார்தான் அது. அதன் சேசிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நீங்கள் குறுக்கக் கூடாது, அது வேறு. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி வின்டேஜ் பதிவு இருக்கிறது, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். தினப்படி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் ஆகாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆகும். பழைய ஆர்.சி.யே உயிரோடு இருக்கிற ஹெரால்டு கிடைத்தால் இன்னும் சௌகரியம். அதில் உள்ள பெயரும் சேசிஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் கைக்கும் ஷெட்டுக்கும் செவன்தான் பொருத்தம். தொடங்குவதானால் இப்போதைக்கு ஆம்னியும் வேண்டாம், அப்ரைட்டும் வேண்டாம். மேசையைக் கட்டி, தராசில் தேறிய குழாயில் அடிச்சட்டத்தை மட்டும் டாக் போடுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், ஷெட் குளிர்ந்திருக்கும்போது திரும்ப அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டத்துக்கும் வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் இருந்தால் அளவுகளோடு எனக்கு எழுதுங்கள், விஷ்போன் பிராக்கெட் எங்கே வரவேண்டும் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். கூடினால் டாக்கை அறுத்துவிட்டு மறுபடி அடுக்குங்கள். இந்தக் கட்டத்தில் குழாய்க் காசு மட்டும்தான் நஷ்டம்.